எஞ்சின் என்னுடையது, சீட் அண்ணனுடையது

"பொம்பள கை பட்டா வண்டி நின்னுடும்போல" என்று என் தாய்மாமன் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை. ஏதோ கடையில் வாங்கி வந்த வண்டியைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லவில்லை. நானே எஞ்சின் ஏற்றி, செயின் மாட்டி, கிளட்ச் கேபிள் இழுத்து, நகக்கண்ணெல்லாம் கிரீஸ் ஏறி, சாப்பிடும்போதுகூட அம்மாவிடம் திட்டு வாங்கிச் செய்த வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

எல்லாம் என் பைக்கில்தான் ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குத் தினமும் பைக்கில்தான் வேலைக்குப் போவேன். ஸ்கூட்டி இல்லை, கியர் வண்டி. கம்பெனியில் வெல்டிங் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒருநாள் திருவானைக்காவல் பக்கம் ஒரு மினி பஸ் உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. பைக்கின் ஃபிரேம் கோணிப் போயிற்று. எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்கோ உள்ளூர சந்தோஷம். "இனிமேலாவது லட்சணமா பஸ்ல போயிட்டு வா" என்றாள்.

அண்ணன் புத்தூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறான். போனில் வண்டி வீடியோ பார்ப்பது அவனுடைய இன்னொரு முழுநேர வேலை. என் பைக் அடிபட்ட செய்தி கேட்டு ஓடி வந்தவன், என் காலைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே எஞ்சினைத்தான் பார்த்தான். "இத வெச்சு ஒரு பக்கி பண்ணிடலாம்டி" என்றான். இரும்புக் குழாயில் கூண்டு மாதிரி ஒரு சட்டம், அதற்குள் ஒரே ஒரு சீட், முதுகுக்குப் பின்னால் பைக் எஞ்சின், நாலு சக்கரம். அவ்வளவுதான் பக்கி. கூரை, கதவு, கண்ணாடி எதுவும் கிடையாது. ரோட்டில் ஓட்டுவதற்கில்லை. மேடு பள்ளத்திலும் கரம்பிலும் புழுதி பறக்க ஓட்டுவதற்கென்றே செய்வது.

எனக்கும் ஆசைதான். "எஞ்சின் தரேன். ஆனா நான்தான் ஓட்டுவேன்" என்றேன். "நீயே ஓட்டு, யாரு வேணாங்கறா?" என்றான். பக்கத்தில் அம்மா இருந்தாள். பிற்பாடு கேட்டபோது, காதில் விழவில்லை என்று அவளும் கைவிரித்துவிட்டாள்.

பாலக்கரையில் அண்ணனின் சிநேகிதர் ஒருவர் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். துபாயில் வெல்டராக இருந்துவிட்டு வந்தவர். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவருடைய ஷெட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை. சட்டத்தில் ஒரு வெல்டிங்கைப் பார்த்து, "பாய், இது உள்ள பிடிக்கல, அறுத்துட்டு மறுபடி வைங்க" என்றேன். "யா அல்லா, கம்பெனி இன்ஸ்பெக்டர் பட்டறைக்கே வந்துட்டாங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அறுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். அண்ணன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? டீ வாங்கி வந்தான், போட்டோ எடுத்தான், கறுப்பா சிவப்பா என்று பெயின்ட்டுக்கு மட்டும் ரெண்டு வாரம் யோசித்தான்.

பைக் எஞ்சினுக்கு ரிவர்ஸ் கிடையாது. சந்துக்குள் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் மூன்று பேர் சேர்ந்து தள்ள வேண்டும். அங்கே ஓட்டிப் பார்க்க வழியே இல்லை. ஆகவே மினி லாரியில் ஏற்றி மருங்காபுரிக்குக் கொண்டுபோனோம். மாமாவுக்கு அங்கே மானாவாரி நிலம். அந்த வருஷம் மழை ஏமாற்றியதால் கரம்பாகக் கிடந்தது.

பூஜை போடாமல் வண்டி எடுக்கக் கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கற்பூரம், மாலை. அண்ணனுக்குச் சந்தனக் கிண்ணம் கையில் கிடைத்தால் போதும். ஸ்டியரிங், எஞ்சின், கூண்டுக் குழாய், பெட்ரோல் டேங்க் மூடி என்று எதையும் விடவில்லை. குழைத்துக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். பாய்கூட, "மாப்ள, வண்டிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

முதலில் நான்தான் ஏறினேன். அந்தச் சில நிமிடங்களை எப்படிச் சொல்வது! புழுதி வாயெல்லாம் அப்பியது, முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குலுங்கியது, நான் யாருமில்லாத கரம்பில் பைத்தியம் மாதிரி கத்திக்கொண்டே போனேன். அப்படி ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. நிலத்தின் கோடிக்குப் போய்த் திரும்பும்போது எஞ்சின் இரண்டு தரம் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

மூன்று பேரும் ஓடி வந்தார்கள். "ஒரு நிமிஷம் இருங்க, நான் பாக்கறேன்" என்றேன். யார் கேட்டார்கள்? "இறங்கு, இறங்கு" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான். பாய் டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் நிறைய இருக்கிறது என்று சொல்லி மூடினார். அண்ணன் ஏறி செல்ஃப் அடித்தான். உடனே பிடித்துக்கொண்டது. கிணற்றடி வரைக்கும் போய் ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து நிறுத்தினான். "பாத்தியா? வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றான்.

மறுபடி நான் எடுத்தேன். மறுபடி அதே கோடியில் நின்றது. மறுபடி பாய் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தார், மறுபடி அண்ணனுக்கு உடனே ஸ்டார்ட் ஆயிற்று. அப்போதுதான் மாமா அந்தப் பொம்பளைக் கை வசனத்தைச் சொன்னார். "கிளட்ச்ச முழுசா விடாம அரை மிதியிலயே வெச்சிருக்கே நீ" என்று அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தான். கிளட்ச் பெடலை அந்த உயரத்தில் வைத்து வெல்டிங் பண்ணச் சொன்னதே நான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து எல்லோர் வாயிலும் பிழிந்திருக்கலாம்.

இதைவிட மோசம், ஸ்ரீரங்கம் வந்தபிறகு என் காலையே நான் சந்தேகப்பட ஆரம்பித்ததுதான். ஒருவேளை என் மிதிதான் சரியில்லையோ? ஷெட்டுக்குப் போய் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பிளக் மாற்றினேன், கிளட்ச்சைத் திருகித் திருகிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நன்றாக இருக்க இருக்க எனக்கு அழுகை வந்தது. அப்படியானால் குற்றம் என்னிடம்தான் என்று ஆகிறதே!

அடுத்த ஞாயிறு, மருங்காபுரிக்குப் பக்கத்தில் வறண்ட ஏரிக்குள் பக்கி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். அங்கே போய் இறங்கினால், ஓட்டுகிறவர் என்று அண்ணன் பேரைக் கொடுத்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எல்லார் முன்னாடியும் நின்னுட்டா அசிங்கம்ல?" என்றான். எனக்காகப் பரிதாபப்படுகிறானாம்! மாமா பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனத்தை அப்பினார். பாய் என் முகத்தைப் பார்க்காமல் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெட்டை அண்ணன் கையில் கொடுத்தேன்.

ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டிய பந்தயம். முதல் சுற்றில் நன்றாகத்தான் போனான். அதற்கப்புறம் கரைக்குக் கீழே, நாங்கள் நின்ற இடத்துக்கு நேராக, எஞ்சின் இருமியது. எனக்குப் பழக்கமான அதே இருமல். நின்றுவிட்டது.

அப்போது என்ன பேசினார்கள் தெரியுமா? "பாவம், வண்டி ஏமாத்திடுச்சு" என்றார் மாமா. "மெஷின்தானே, என்ன பண்றது" என்றார் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லட்டுமே? கிளட்ச் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் ஓட்டி நின்றால் என் கோளாறு, அண்ணன் ஓட்டி நின்றால் வண்டிக் கோளாறு.

இறங்கி ஓடினேன். அண்ணன் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தான், பிடிக்கவில்லை. இந்தத் தடவை மூடியைத் திறந்தது நான். திறந்ததும் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசித் துளை ஒன்று நானே போட்டிருந்தேன். அந்தத் துளைக்கு மேல் சந்தனம் காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. கொஞ்ச தூரம் ஓடினால் பெட்ரோல் இறங்காமல் நிற்கும், யாராவது மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். நான் ஓட்டி நின்றபோதெல்லாம் திறந்து பார்த்தார்கள், திறந்த கையோடு அவன் ஏறி ஒரு வட்டம் அடித்துப் பேர் வாங்கினான்!

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குத்திவிட்டேன். "நீ வெச்ச சந்தனம்டா இது!" என்று கத்தினேன். கோபத்தில் அண்ணன் என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. "சரி சரி, மூடு, நேரமாச்சு" என்றான். செல்ஃப் அடித்தான், போய்விட்டான். புழுதிதான் எனக்கு மிச்சம்.

எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தாலும் கைதட்டினார்கள். மைக்கைக் கொடுத்துக் கேட்டபோது, "சின்னக் கோளாறுங்க, சரி பண்ணிட்டோம்" என்றான். பண்ணிட்டோமாம்! எத்தனை பேர் சேர்ந்து பண்ணினார்கள் என்று மைக்கைப் பிடுங்கிக் கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் பாலக்கரை ஷெட்டில் வண்டியை இறக்கினோம். மாமாவும் கூட வந்திருந்தார். "இப்பத்தான் தெரிஞ்சிடுச்சுல்ல, என் மேல தப்பில்லன்னு? அடுத்த தடவ நான் ஓட்டறேன்" என்றேன். தகராறு பண்ணும் எண்ணமே எனக்கு அப்போது இல்லை. அவன் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"நீ கூட இரு, அது போதும். நீ இருந்தாத்தான் வண்டி ஓடும். ஓட்டறத நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன். பாராட்டுகிறானாம். மாமாவும் தலையாட்டிச் சிரித்தார்.

நான் டூல் பாக்ஸைத் திறந்து ஸ்பானரை எடுத்தேன். செயினைக் கழற்றினேன், கேபிள்களை எடுத்தேன், டேங்க் குழாயை உருவினேன். "ஏய், என்ன பண்ற?" என்று அண்ணன் கேட்டான். "என் எஞ்சின எடுத்துக்கறேன்" என்றேன். "சின்னப் பிள்ள மாதிரி பண்ணாத" என்று மாமா அதட்டினார். எஞ்சினைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தபோது, பாய் அந்தப் பக்கமாக வந்து, எஞ்சின் கீழே விழாமல் தாங்கிப் பிடித்தார். ஆட்டோவில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

ஒரு விளையாட்டுச் சாமானுக்காகக் கூடப்பிறந்தவனைப் பகைத்துக்கொண்டேன் என்று அம்மா இன்னும் சொல்கிறாள். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான்தான் திமிர் பிடித்தவள். சந்தனத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

போன வாரம் அண்ணன் போன் பண்ணினான். வேறு எஞ்சின் எதுவும் அந்தச் சட்டத்தில் சரியாக உட்காரவில்லையாம். "அடுத்த மாசம் பந்தயம் வருது, அந்த எஞ்சின குடேன்" என்றான்.

"யாரு ஓட்டறது?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப எஞ்சினையும் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.