சாமித்தட்டில் ஒரு கப்பல்

யுத்தம் நடந்த அந்த வருடங்களில், பழைய கப்பல்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பதும் என் பிழைப்பில் ஒரு பங்காக இருந்தது. கிழமை நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு எடுப்பேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அங்கே மாளிகாவத்தைக்காரர் ஒருவர் பழைய முத்திரையும் தபாலட்டையும் விற்கும் கடை வைத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானும் அவரை நானா என்பேன். வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களின் அல்பங்களை அவர் மொத்தமாக வாங்குவார். அவற்றில் பயணிகள் கப்பல் படம் போட்ட அட்டைகள் நிறைய வரும். 'கொழும்புத் துறைமுகம்' என்று மட்டும் கீழே அச்சடித்திருக்கும். கப்பலின் பெயரையும் சொன்னால் வெளிநாட்டில் சேகரிக்கிறவர்கள் விரும்பி வாங்குவார்களாம். இங்கிலீஷ் வாசிப்பேன் என்ற ஒரே குற்றத்துக்காக அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

கப்பலை அடையாளம் காண முதலில் நிறத்தை மறக்க வேண்டும். அந்தக் காலத்து அட்டைகளுக்கு நிறம் கையால் பூசியது. பூசியவன் கப்பலைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டான், கையில் அகப்பட்ட சிவப்பைப் புகைபோக்கியில் அப்பியிருப்பான். புகைபோக்கி எத்தனை, கொடிமரம் எத்தனை, எது எதற்கு முன்னால் நிற்கிறது என்று பூதக்கண்ணாடியால் பார்த்துக் குறித்துக்கொண்டு, நூலகத்துப் பழைய கப்பல் புத்தகங்களில் தேடுவேன். கண் பூத்துப்போகும். சில கப்பல்களில் கடைசிப் புகைபோக்கி பொய்யானது, அதிலிருந்து புகையே வராது. புகைபோக்கி கூடினால் சனங்களுக்கு நம்பிக்கை கூடும் என்று சும்மா நட்டு வைத்திருக்கிறார்கள். அதை வாசித்தபோது எனக்கு ஏஜென்சிக்காரன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

என் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பியவன் அவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜில் காத்துக் கிடந்த பெடியனை ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நாடு வரைக்கும் விமானத்தில் கூட்டிப்போனான். பிறகு தொலைபேசியில் ஒரே ஒரு தகவல்: "கப்பல்ல ஏத்தியாச்சு, யோசிக்காதேங்கோ." எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொன்னான். கொஞ்ச நாளில் அவனும் கம்பி நீட்டிவிட்டான். எப்போதோ உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்ட கப்பல்களுக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, தம்பி ஏறிய கப்பலின் பெயர் தெரியாது. நினைத்தால் எரிச்சல்தான் வந்தது. அழுவதற்குக்கூட அப்போது தெம்பு இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, திரும்பி வரும் வழியில் சோதனைச்சாவடியில் பொலிஸ்காரி என் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

"மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டாள்.

"பரண நெவ்," என்றேன். பழைய கப்பல்கள்.

யாழ்ப்பாண அடையாள அட்டை, துறைமுகத்துப் பக்கத்திலிருந்து வருகிறாள், கையில் கப்பல் படங்கள். கேட்கவா வேண்டும்? வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அட்டைகளில் ஒட்டியிருந்த வெள்ளைக்கார ராசாவின் முத்திரைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அட்டைகளை மேசையில் எறிந்துவிட்டுப் படுத்தேன்.

எழும்பிப் பார்த்தால் ஓர் அட்டையைக் காணவில்லை. அம்மா அதைச் சாமித்தட்டில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் சாத்தி வைத்திருந்தார். ஓரத்தில் விபூதியும் பூசியிருந்தது.

"அம்மா, அது கடைக்காரற்ற. திருப்பிக் குடுக்கோணும்."

"இருக்கட்டும் பிள்ளை."

"அது தம்பி போன கப்பல் இல்லையம்மா. அது வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல்."

"எனக்கென்ன விசரே? பழசெண்டு எனக்கும் தெரியும். கும்பிடுறதுக்கு ஒரு உருவம் வேணும். வெறுங்கடலை எப்பிடிக் கும்பிடுறது?"

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

அந்தக் கப்பலின் பெயர் அடுத்த கிழமையே நூலகத்தில் அகப்பட்டது. இரண்டு புகைபோக்கி, அதில் பின்னது பொய். பெயரைச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். அம்மா கையை நீட்டி மறித்தார்.

"சொல்லாத பிள்ளை. பேர் வந்தா அது வேற ஆக்களின்ர கப்பலாப் போயிடும்."

நானாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பேர் இல்லாத அட்டைய யாரு வாங்கப் போறான், டீச்சர்? அது அம்மாகிட்டயே ஈக்கட்டும்," என்றார்.

பெயர் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். நான் அடுத்த கட்டு அட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

தம்பியிடமிருந்து இன்றுவரை ஒரு சொல்லும் இல்லை. அம்மா இருக்கும்வரை ஒவ்வொரு நாளும் அந்தக் கப்பலுக்குப் பூ வைத்தார். அவர் போன பிறகு அட்டையை எடுத்து, பின்பக்கம் பெயரை எழுதி, மற்ற அட்டைகளோடு வைத்துவிடலாம் என்று ஒரு நாள் பென்சிலும் எடுத்தேன். எழுதவில்லை. பெயர் எனக்கு இப்போதும் மறக்கவில்லை. விளக்கு வைக்கும்போது நானும் அதைச் சொல்லாமல்தான் கும்பிடுகிறேன்.