ஓவோ சு

அமரவிளை ஜங்ஷனில் இருக்கும் பேக்கரியில் பத்து வருடமாக நிற்கிறாள் ஜீனா. படியேறி வருகிறவரின் முகத்தைப் பார்த்தே தமிழா மலையாளமா என்று தீர்மானித்துப் பேசத் தொடங்கிவிடுவாள். இன்னொரு மொழியைப் படிக்க நேரும் என்று அவள் நினைத்ததில்லை.

அவள் கணவன் ஜிஜோ குரோஷியாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். இரண்டாம் வருடம் சாரம் சரிந்து விழுந்தான். தலையில் அடி. சக்கர நாற்காலியில்தான் வீடு வந்து சேர்ந்தான். பேச்சில்லை. வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வந்த பதினோராம் நாள் மாலை நான்கு மணிக்கு ஜீனா கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜிஜோ எதிரே காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை நோக்கிக் கையை நீட்டினான்.

"ஓவோ யே மார்கோ. ஓன் யே மோய் பிரியாதெல்ய்."

பேச்சு வந்துவிட்டதென்று ஜீனாவுக்கு அழுகை பொங்கியது. பிறகுதான் அந்தக் கையைக் கவனித்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் காட்டும் கை அது. காட்டிவிட்டு, அவள் ஏதாவது பதில் சொல்வாள் என்று ஜிஜோ காத்திருந்தான். மறுநாளும் அதே நேரம், அதே சொற்கள்.

அங்கே அவனோடு வேலை பார்த்த பாறசாலைக்காரன் லிஜினைப் போனில் பிடித்தாள்.

"ஆளைப் பரிசயப்படுத்தும்போ சொல்றதாக்கும் சேச்சி. இது மார்கோ, இவன் என் கூட்டுகாரன்னு அர்த்தம்." லிஜின் குரலைத் தாழ்த்தினான். "மார்கோ சாரம் சரிஞ்ச அண்ணைக்கே மரிச்சுப் போயாச்சு. அண்ணன்கூட அதே சாரத்தில நிண்ண ஆளு."

பேக்கரியில் ஆள் இல்லாத வேளைகளில் ஜீனா போனில் அந்த மொழியைப் படிக்கத் தொடங்கினாள். யா சம், நான். தீ சி, நீ. ஓன் யே, அவன். மீ ஸ்மோ, நாங்கள். ஓனி சு, அவர்கள். யாரைச் சொல்கிறோமோ அதற்கேற்ப அந்தக் குட்டிச் சொல் மாறிக்கொண்டே இருந்தது. பில் தாளின் பின்புறத்தில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஜிஜோவின் கை நாற்காலியில் நிற்காமல் ஜன்னல் வரை நகர்ந்தது.

"ஓவோ சு மார்கோ இ பிஷ்ணு."

யே இல்லை, சு. ஒருவர் என்றால் யே. அதற்கு மேல் ஆள் இருந்தால்தான் சு. ஜீனா உடனே லிஜினைப் போனில் கூப்பிட்டாள்.

"பிஷ்ணு நேபாளத்துக்காரன், அவனும் விழுந்தவந்தான். ஆஸ்பத்திரியில கெடக்கான், ஆனா உயிரு உண்டு" என்றான் லிஜின். இரண்டு மணி நேரம் கழித்து அவனே திரும்ப அழைத்தான். "சேச்சி, பிஷ்ணு போயிட்டான். நம்ம நேரத்துக்கு நாலு மணியாம்."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மடித்து வைத்த தாளை விரித்துப் பார்த்தாள். அதில் 'நாங்கள்' என்பதோடு வரும் ஒரே ஒரு சொல்தான் அவளை மிரட்டியது. ஸ்மோ. மறுநாள் முதல் வேலைக்குப் போகாமல் கணவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் நாள் நான்கு மணிக்கு ஜிஜோ இரண்டு கைகளையும் விரித்தான். பக்கத்துக்கு ஒருவராக நிற்பவர்களின் தோள்மீது போடுவதுபோல. முகத்தில் சிரிப்பு.

"மீ..."

ஜீனா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். "வேண்டாம்! நீங்க அந்தக் கூட்டத்தில இல்ல. தீ சி ஜிஜோ. கேட்டியளா? தீ சி ஜிஜோ!"

கையை எடுக்காமலே அவள் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். வந்தவர்களை முகம் முறித்து அனுப்ப அவளுக்கு வரவில்லை. அவர்களிடம் சொன்னாள். "யா சம் ஜீனா. ட்ராகோ மி யே." மீதி தமிழில்தான் வந்தது. "உங்களைக் கண்டது சந்தோஷம். சாயா போடுதேன், குடிச்சிட்டுப் போங்க. இவரு வரமாட்டாரு."

இரண்டு கண்ணாடி டம்ளரில் சாயா கொண்டுவந்து வைத்தாள். ஒன்று நாற்காலியின் முன்னால், ஒன்று ஜன்னல் திட்டில். ஜிஜோவின் மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். ஆவி அடங்கியது. சாயாவில் ஆடை படிந்தது. வெளியே ரப்பர் மரங்களில் ஒரு இலைகூட அசையவில்லை.

"எடி," என்றது தலைக்கு மேலே ஒரு கரகரத்த குரல். "எனக்குச் சாயா இல்லியா?"

இப்போது ஜிஜோ கம்பு ஊன்றிச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருகிறான். குரோஷியா எப்படி என்று கேட்டால் "பயங்கரத் தணுப்பு" என்று தோளைக் குறுக்கிக் காட்டுவான். கூட வேலை பார்த்தவர்களைப் பற்றிக் கேட்டால் வெகுநேரம் யோசித்து, "ஆரையும் ஓர்மையில்ல" என்பான். ஜீனா பக்கத்தில் இருந்தாலும் அவனுக்கு அந்தப் பெயர்களை எடுத்துக் கொடுப்பதில்லை.