கவிழ்த்துப் பார்க்கக் கூடாத கிண்ணம்

கண்ணாடிச் சாமானைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. கொடைக்கானலில் பழைய சாமான் கடை வைத்த நாளிலிருந்து இந்த வியாதி. பங்களாவைக் காலி செய்கிறவர்கள் தட்டு, கிண்ணம், ஜக்கு என்று கொண்டுவந்து இறக்குவார்கள். எல்லாமே கையால் வெட்டிய கண்ணாடி என்று சத்தியம் செய்வார்கள். நான் விரலால் தடவிப் பார்ப்பேன். வெட்டிய பூவேலை நறுக்கென்று குத்தும். அச்சில் ஊற்றி அழுத்தியது மழுங்கலாக இருக்கும், பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு ஓடும். அச்சுக் கண்ணாடியிலும் பழசென்றால் கிராக்கிதான். ஆனால் பழசா என்று கவிழ்த்தால்தான் தெரியும். காலமெல்லாம் மேஜையில் இழுபட்டதன் அடியில் மெல்லிய கீறல்கள் கண்டபடி கிடக்கும். புதுசின் அடி பளபளக்கும், கோடு நகத்தில் இடறும்.

அதனால்தான் பூம்பாறைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பாவும் நானும் கிளம்பியபோது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அங்க போயி எதையும் கவுத்திப் பாத்துத் தொலையாத. உன்னையக் கும்புட்டுக் கேக்குறேன்."

அவளாக விரும்பிய பையன். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் அழுது தீர்த்திருந்தாள். பையனின் அப்பா ரோஷக்காரர், ஒரு சொல் பிசகினாலும் எழுந்து போய்விடுவார் என்று சொல்லி அனுப்பினாள்.

அங்கே அப்பாவுக்கு எவர்சில்வர் தட்டில் கேசரி வந்தது. எனக்கு மட்டும் தேன் நிறத்தில், காலுள்ள ஒரு கண்ணாடிக் கிண்ணம்.

"எஸ்டேட் தொரை எங்கப்பாருக்குக் குடுத்ததுங்க," என்றார் பையனின் அப்பா. "நீங்க இந்தத் தொழில்ல இருக்கீங்கன்னு சொன்னாங்க. அதான் ஷோகேஸ்லருந்து எடுத்து வைக்கச் சொன்னேன்."

என் கண் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. அடியைப் பார்க்க வேண்டுமே! கேசரி இருக்கும்வரை எப்படிப் பார்ப்பது? அள்ளி அள்ளி விழுங்கினேன். கிண்ணம் காலியானதும் பையனின் அம்மா ஓடிவந்து இன்னொரு கரண்டி வைத்தார். விருந்தாளியின் கிண்ணம் காலியாக இருக்கலாமா? அதையும் தின்றேன். மறுபடி வைத்தார். அப்பா என்னை முறைத்தார். பிள்ளையைச் சோறு போடாமலா வளர்த்தார்கள் என்று அந்த வீட்டில் நினைத்திருப்பார்கள். பைக்குள் என் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, தங்கைதான்.

நெய் வழிகிறது என்ற சாக்கில் கடைசியில் கிண்ணத்தைத் தூக்கி, துடைப்பதுபோல் அடியைத் தடவினேன். கீறலே இல்லை. பக்கவாட்டுக் கோட்டில் நகம் இடறியது. சுத்தமான புதுசு.

நிமிர்ந்தேன். அடுப்படி வாசலில் பையனின் அம்மா கரண்டியும் கையுமாக நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எப்படிங்க? பழசுதானே?" என்றார் பையனின் அப்பா.

கடையாக இருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன். சொல்லாவிட்டால் எனக்கு அன்று தூக்கம் வராது. உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தங்கையை நினைத்தேன், பயமாக இருந்தது.

"நல்ல கனம். கையில எடுத்தா வைக்க மனசு வரலைங்க," என்றேன். அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னை மட்டும் பூண்டு தருவதாகக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

"பொங்கலன்னைக்கு அவுக தோட்டத்துக்குப் போயிருந்தாக. வெரசா ஆறட்டும்னு சுடுபாயசத்த அதுல ஊத்திட்டேன். இந்தக் குளிருக்குப் பொளந்துருச்சு. வத்தலக்குண்டுல தேடி இத வாங்கி வச்சேன். நீங்க தூக்கினப்ப என் உசுரே போச்சு." என் கையைப் பிடித்தவர் விடவில்லை. எனக்கும் விட மனம் வரவில்லை.

கல்யாணம் நடந்தது. குடும்பத்துச் சொத்து என்று சொல்லி மாமனார் அந்தக் கிண்ணத்தை மருமகள் கையில் கொடுத்தார். தங்கை பொத்திவைக்கிற ஆள் இல்லை. தினமும் தயிர் ஊற்றி வைக்கிறாள், சிமெண்டு மேடையில் இழுத்துத் தள்ளுகிறாள்.

போன வாரம் போயிருந்தேன். பேச்சு வாக்கில் கழுவி வைத்த கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்துவிட்டேன்.

"இன்னும் அந்தப் புத்தி போகலயா?" என்று தங்கை சிரித்தாள். "சரி, சொல்லு. நெசமாவே பழசுதானாக்கா?"

ஓரத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவள் மாமியாரின் கை நின்றது. கூடத்திலிருந்து மாமனாரும் எட்டிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.

"அடியில பாரு," என்றேன். "எம்புட்டுக் கீறல் கெடக்கு."

மாமியார் அடுத்த பூண்டை எடுத்தார்.