நூற்றுப் பதினெட்டாம் டோக்கன்

எங்கள் இருவரில் யாருக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று கேட்டிருந்தால், மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவுக்குப் பால் பாக்கெட் போடுகிறவர்கூட யோசிக்காமல் என்னைத்தான் காட்டியிருப்பார். கல்யாணமான புதிதில் பூசினாற்போல இருந்தவள், இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு நன்றாகவே பெருத்துவிட்டேன். என் கணவர் ஐம்பத்தெட்டு கிலோ. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மாதா மாதம் மாம்பலம் ஸ்டேஷனில் இருக்கும் எடை மெஷினில் காசு போட்டு ஏறி நிற்பார். அது துப்பும் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டுவார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர், காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை கூம்பாகப் போட்டுக்கொள்கிறவர். சாப்பிடுவதெல்லாம் எங்கேதான் போகிறதோ என்று என் நாத்தனார் வியப்பாள். எனக்கு எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அதுதான் எல்லோருக்கும் தெரிகிறதே.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் வைத்திருந்தார்கள். என்னை அழைத்துப்போனது அவர்தான். தனியாக ஊசி குத்திக்கொள்ள எனக்குப் பயம் என்பதால், துணைக்குத் தானும் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டார். எனக்கு நூற்றுப் பதினேழு, அவருக்கு நூற்றுப் பதினெட்டு. வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள், அவர்களே இட்லி கொடுத்தார்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். நடுவில் அவர் காபி தேடி வெளியே போனார். இரண்டு டோக்கன்களும் என் கையில் இருந்தன.

மறு ஞாயிறு சீட்டுகளை வாங்கினோம். பெயர் கிடையாது, டோக்கன் எண் மட்டும்தான். நூற்றுப் பதினேழில் எல்லாம் சரியாக இருந்தது. நூற்றுப் பதினெட்டில், சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் இருநூற்று எண்பத்தாறு.

அவருடையதைப் பார்த்து நான் சிரித்தே விட்டேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. "டோக்கன் மாறிப்போச்சுங்க, நான்தான் கையில வெச்சிருந்தேன், மாத்திக் கொடுத்திருப்பேன்" என்றேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போகட்டும், ஆரம்பத்திலேயே தெரிந்ததே என்று ஆறுதல் சொன்னார். மறுபடி ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் தெரிகிற விஷயத்துக்கு இன்னொரு ஊசி எதற்கு?

எங்கள் தெருமுனை டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்து, உங்களுடையதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்றார்.

அதிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு எனக்குக் கை நடுங்கும், ரவிக்கை நனைந்துவிடும், அகோரப் பசி எடுக்கும். சர்க்கரை வந்தால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பிஸ்கட்டில் நாலைத் திருட்டுத்தனமாகத் தின்றால் அடங்கும். பத்தியத்தை மீறிவிட்டேனே என்று அன்று முழுக்க மனசு உறுத்தும். இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்த டாக்டர், மாத்திரை பிரமாதமாக வேலை செய்கிறது, இப்படியே தொடருங்கள் என்றார். இல்லாத வியாதி கட்டுப்பாட்டில் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

என் பங்கு இனிப்பெல்லாம் அவருக்குப் போனது. பொங்கலன்று என் கிண்ணத்துச் சர்க்கரைப் பொங்கலை அவர் தட்டில் கவிழ்த்தேன். தை மாதத்துக் கல்யாணங்களில் என் இலையில் விழுந்த ஜாங்கிரியை அவர் இலைக்குத் தள்ளினேன். உனக்காக நான் எவ்வளவு கஷ்டப்படுகிறேன் பார் என்று அவர் கிண்டலடிப்பார். அப்படித் தின்றும் இளைத்துக்கொண்டே போனார். எடை அட்டையில் ஐம்பத்தைந்து வந்தது, பிறகு ஐம்பத்திரண்டு. கோடம்பாக்கத்திலிருந்து வந்த நாத்தனார் என்னைத் தனியாக அழைத்து, "அண்ணன் உங்களை நினைச்சே கரையறாரு, அண்ணி, கொஞ்சம் வாயைக் கட்டுங்க" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. இந்த மனிதரை நான் தின்றே கொல்கிறேன் என்று நினைத்தேன். பஸ் நம்பர் மங்கலாகத் தெரிகிறது என்று அவர் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியதும், ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்ததும் என் கண் முன்னால்தான் நடந்தன. வெயில் காலம், நாற்பத்தைந்து வயது, வேறென்ன?

ஆடி வெள்ளிக்கு நான் விரதம் இருப்பது வழக்கம். மத்தியானம் வரை பச்சைத் தண்ணீரோடு சரி. ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்று மாத்திரையை மட்டும் அந்தத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அவரோடு தி.நகருக்குத் துணி எடுக்கப் போனேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் கால் பின்னியது வரைக்கும்தான் ஞாபகம். கண் விழித்தபோது பக்கத்திலிருந்த ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்ததாம். அங்கிருந்த பெண் டாக்டர் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரையே இல்லம்மா, யாரு சொன்னது இருக்குன்னு?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கைப்பையிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து நீட்டினேன். டோக்கன் மாறிய கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் என் வாய் நின்றுபோனது. எனக்கு இல்லையென்றால், அந்த இருநூற்று எண்பத்தாறு யாருடையது? மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்து, டாக்டர் மேஜை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரும் அவரைத்தான் பார்த்தார். அங்கேயே விரலைக் குத்தி எடுத்ததில் நானூறைத் தாண்டியிருந்தது. அவர் நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து எடை அட்டையை எடுத்து டாக்டரிடம் காட்டினார். பாவம், அதைவிட்டால் அவரிடம் வேறு என்ன சாட்சி இருந்தது? டாக்டர் அவரைப் படுக்கவைத்துச் சட்டையைத் தூக்கச் சொன்னார். குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் சின்னதாக ஒரு தொப்பை. இத்தனை வருஷம் நானும் பார்த்த தொப்பைதான், உட்கார்ந்து எழுதுகிற உத்தியோகத்தின் அடையாளம் என்று கேலி செய்த தொப்பை. "கொழுப்பு வெளியில தெரியணும்னு அவசியம் இல்ல. உள்ள ஈரலைச் சுத்தி உக்காந்துக்கும், மெஷின் அதைச் சொல்லாது" என்றார் டாக்டர். என் கணவருடைய அப்பாவைப் பற்றி விசாரித்தார். ஐம்பது வயதில் மாரடைப்பில் போனவர். அவரும் ஒல்லிதான், அதனால் யாரும் எதையும் பரிசோதித்ததில்லை.

கண்ணையும் பார்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கண் டாக்டர் சொட்டு மருந்து போட்டு வெகு நேரம் பார்த்தார். இது நாலைந்து வருஷமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார், இடது கண்ணில் பின்பக்கம் ரத்தம் கசிந்திருக்கிறது, போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. மார்கழியில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அப்போது ஆரம்பித்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மருந்தால் கண் கூசியதால் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இனி அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீதானே சீட்டை மாற்றினாய், ஏழு மாதம் என் மாத்திரையை நீ விழுங்கிவிட்டு எனக்கு ஜாங்கிரி ஊட்டினாயே என்று நாலு பேர் பார்க்கக் கத்தியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் கைக்குட்டையால் இடது கண்ணை ஒற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நல்லவேளை, உனக்கு இல்ல" என்றார்.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு மறுபடி மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து, அந்தப் பாதிப் பார்வையோடு அவர் சோடா வாங்க ஓடினார்.