லைனோரத்து ஊடுபயிர்

ஸ்டெல்லாவின் போனுக்கு இன்று காலையும் ஒரு செய்தி வந்தது. "அன்புள்ள விவசாயியே, ஆடிப்பட்டம் தொடங்கிவிட்டது. உளுந்து, தட்டைப்பயறு விதைக்க ஏற்ற காலம். நிலத்துக்குத் தொழு உரம் இடவும்." ஸ்டெல்லா என் மனைவி. அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இருப்பதோ திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில். உழுவதென்றால் துணி காயப்போடுகிற பால்கனியைத்தான் உழ வேண்டும். ஆனாலும் இரண்டு தரம் படித்தேன். உரம் என்ற சொல்லைப் பார்த்ததும் என் மூக்கில் ஏறியது சாணி வாசனை இல்லை, கருவாட்டு வாசனை. சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் நான் குமாஸ்தா. புதுசாகக் கல்யாணம் ஆனவன். ராயபுரத்தில் எங்கள் வீடு என்பது ஓர் அறையும் அதை ஒட்டிய அடுப்படியும். அப்பா, அம்மா, தம்பி, தங்கைகள் எல்லோரும் அதற்குள்தான். நடுவே அம்மாவின் பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் புதுத் தம்பதி என்று ஏற்பாடு. நான் லேசாக இருமினால் போதும், திரைக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா, "சுக்குத் தண்ணி வைக்கட்டாடா?" என்பாள். இப்படிப்பட்ட வீட்டில் பெண்டாட்டியிடம் மனுஷன் என்னத்தைப் பேச முடியும்? "உப்பு சரியா கீதா?" "சரியா கீது." முதல் சில மாதங்கள் எங்கள் காதல் மொழி இவ்வளவுதான்.

அப்போதெல்லாம் தண்டவாளத்து ஓரம் சும்மா கிடக்கும் நிலத்தை, பயிர் வைத்துக்கொள்ளச் சொல்லி ஊழியர்களுக்கே கொடுப்பார்கள். எனக்கு விவசாயத்தில் இருந்த ஞானம், கீரை கட்டாகத்தான் முளைக்கும் என்கிற அளவுக்கு. ஆனாலும் எழுதிக் கேட்டேன். எனக்குத் தேவை கீரை இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பேச ஓர் இடம். கிடைத்தது. வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் சைடிங் லைனுக்குக் கீழே, சரிவு முடிகிற இடத்தில் ஒரு துண்டு. ஒரே நிபந்தனை, மழைக்காலத்தில் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது பயிர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலம் அடுத்துக் கேட்டிருப்பவருக்குப் போய்விடும். அடுத்துக் கேட்டிருந்தவன் என் தோஸ்து காதர். வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஆடு கட்ட இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தான். "நீ பயிர் வையி மாமு, வேணாங்கல. காஞ்சி போச்சின்னா என் ஆடுங்க கீது" என்று பெரிய மனசோடு சொன்னான்.

சாயங்காலம் ஆனால் ஸ்டெல்லா, "செடிக்குத் தண்ணி ஊத்தணும் அத்தே" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவோம், ஒன்பது குடத்துக்குப் பேசுவோம். கூட்ஸ் வண்டி வந்தால் பாதிப் பேச்சை வாயிலேயே வைத்துக்கொண்டு கடைசிக் கார்டு பெட்டி போகிறவரை காத்திருப்போம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவாள். கடலுக்குப் போன தன் அண்ணன் திரும்பி வராததை அவள் எனக்குச் சொன்னது அங்கேதான். நடுவில் இரண்டு வண்டிகள் போயின. கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து, அந்தச் சரிவில்தான் எனக்கு அவள்மேல் பிரியம் வந்தது.

நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமே! கடனுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி, சாயங்கால விவசாய நிகழ்ச்சியை வேதவாக்காகக் கேட்டேன். அவர்கள் காவிரிக் கரைக்காரர்களுக்குச் சொன்னதையெல்லாம் நான் கொருக்குப்பேட்டையில் செய்தேன். ஆடியில் வெண்டையும் தட்டைப்பயறும் போட்டேன். காட்டுப்பன்றிக்கு முள்வேலி போடச் சொன்னார்கள், போட்டேன். யார்டில் இருந்தது பெருச்சாளி. அது வேலிக்கு அடியில் மரியாதையாக நுழைந்து போனது. பறவைகளை விரட்டப் பளிச்சென்று துணி கட்டுங்கள் என்றார்கள். ஸ்டெல்லாவின் பழைய சிவப்புப் பாவாடையைக் கம்பில் கட்டி நிறுத்தினேன். சிவப்பைக் கண்ட ஷண்டிங் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "எவன்டா இங்க செவப்புக் கொடி காட்டறது?" என்று கேட்டார். ரயில்வேயில் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

அதோடு விட்டேனா? மீன் கழிவு அருமையான உரம் என்று ஒருநாள் ரேடியோ சொன்னது. என் மாமியாருக்குக் கல்மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம். விஷயம் காதில் விழுந்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நம்மகிட்ட இல்லாத மீனா மாப்ளே" என்று இரண்டு மூட்டை கருவாட்டு உதிரியை ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினார். நான், ஸ்டெல்லா, மாமியார் மூன்று பேருமே கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மீன் என்றால் எங்களுக்கு மீன்தான். கருவாட்டில் உப்பு இருக்கிறது, உப்பு செடிக்கு ஆகாது என்று ஒருவர் தலையிலும் உதிக்கவில்லை. வேருக்கு வேர் அள்ளிப் புதைத்தோம். மறுநாளே பேட்டையின் பூனை, நாய், காக்கை, பருந்து அத்தனையும் ஆஜர். அந்த வாரம் முடிவதற்குள் வெண்டைச் செடிகளும் கருவாடாகிவிட்டன.

"இன்னா மாமு, பயிர் வைக்கச் சொன்னா கொயம்பு வச்சிகினுகீற. லைனே நாறி கலீஜா கீது" என்றான் காதர். ஸ்டெல்லா அவன் இருக்கிறவரை சிரித்தாள். போனதும் அழுதாள். "நெலம் போச்சின்னா நாம எங்கய்யா போயி பேசறது?" என்றாள். ரேடியோவில் அதற்கு யோசனை சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பல நாள் அந்தப் பக்கமே போக முடியவில்லை. மழை விட்ட அன்றே இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல். தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி போனேன், பின்னாலேயே ஸ்டெல்லா. போய்ப் பார்த்தால் நிலம் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. மழை உப்பைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. வேகன்களின் கிழிந்த சாக்கிலிருந்து மேலே சைடிங்கில் சிந்திக் கிடந்த தானியத்தையெல்லாம் சரிவில் அடித்துக்கொண்டு வந்து எங்கள் நிலத்தில் சேர்த்திருந்தது. கோதுமை, சோளம், உளுந்து, கொத்தமல்லி, மூலையில் கொஞ்சம் கடலை. எது எங்கே என்று கணக்கே இல்லை.

"என்ன பயிர்ப்பா இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எல்லாம் கீது சார்" என்றாள் ஸ்டெல்லா.

"ஊடுபயிர் சார்" என்றேன். ரேடியோ எனக்குக் கொடுத்த ஒரே விளைச்சல் அந்த வார்த்தை.

"எதுக்கு எது ஊடுபயிர்?"

திருட்டு முழி முழித்தேன். அவர் நிலத்தைச் சுற்றி வந்தார். ஓர் ஓரத்தில் மட்டும் புல்லுகூட முளைக்காமல், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேய்ந்த தடம் இருந்தது. அதைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார். "சரி, அடுத்த தரமாவது வரிசையா போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நாங்கள் விதைக்கவே இல்லை. வருஷா வருஷம் மழையே விதைத்தது. ஒருமுறை உளுந்து ஒரு கைப்பிடி கிடைத்து, வீட்டில் ஆளுக்கு ஒரு வடை வந்தது. பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், நிலம் காதரின் ஆடுகளுக்குப் போனது. இப்போது அங்கே உயரமாக மதில் சுவர். சரக்கெல்லாம் மூடிய இரும்புப் பெட்டிகளில் வந்து போகிறது. ஒரு மணி சிந்துவதில்லை, ஒரு குருவியும் வருவதில்லை.

சில வருஷத்துக்கு முன்னால் இந்தச் செய்திகளை அனுப்புகிறவர்கள் போன் செய்து, "அம்மா, நீங்க விவசாயியா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சிரித்துவிட்டேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "ஆமா. லைனோரம் கொஞ்சம் நெலம் கீது" என்றாள். என்ன பயிர் என்று கேட்டார்கள். "எங்கூட்டுக்காரரு ஊடுபயிருதான் வைப்பாரு" என்றாள்.

சும்மா கிடக்கிற போனுக்கு எதற்குப் பணம் கட்டுவது என்கிறான் என் மகன். நான் கேட்கவில்லை. இன்று காலையும் சார்ஜில் போட்டுவிட்டு, "ஆடிப்பட்டம் வந்துட்ச்சாம் ஸ்டெல்லா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். நடுவில் புடவையும் இல்லை, வண்டியும் வரவில்லை. இந்த வீட்டில் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம்.