நூறு நாளுக்குப் போன பெரியநாயகி

படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழியாகும். வீட்டு நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சியில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது இதுதான். நான் பெரியநாயகிக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். நான்கு வருடம் அவள் தவறவிடவில்லை.

அவள் கணவர் காளியண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வடக்கே எங்கோ போர் போடும்போது இரும்புக் குழாய் முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரே மகள் கனிஷ்காவை ஓமலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அவளுக்குக் கைக்குழந்தை. ராசிபுரத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டிய வீட்டில் இவர்கள் இருவர்தான்.

மில் வண்டி காலை ஆறுக்கு ஆளை ஏற்றிப் போனால் மாலை ஏழுக்குத்தான் கொண்டுவந்து விடும். அந்த வேலை பெரியநாயகிக்கு ஆகாது. நூறு நாள் வேலை ஆகும். ஏரியில் மண் வெட்டும் இடம் கூப்பிடு தூரம். பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைப் புரட்டிவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டு ராசம்மாள் அவள் பங்கு மண்ணையும் சேர்த்து வெட்டிவிட்டு, "புருசனப் பொரட்டறதையும் வேலை அட்டையில எழுதச் சொல்லு புள்ள" என்பாள்.

எங்கள் பக்கம் "நூறு நாளுக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். மில்லுக்குப் போறேன், காட்டுக்குப் போறேன் என்பது போல. நூறு நாள் என்றால் அந்த வேலை, அந்த இடம். கணக்கு இல்லை.

இரண்டு வருடமாக அந்த வேலை சுருங்கிக்கொண்டே வந்தது. டெல்லியில் ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள் என்றார்கள். சட்டத்தையே மாற்றப் போவதாகவும் பேச்சு. இதை எதிர்த்துச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள் என்று செய்தி வந்த வாரம், எங்கள் எம்.எல்.ஏ. தமிழரசு ஏரிக்கு வந்தார். சபையில் பேச அவருக்குப் பெயரும் ஊருமாகப் பத்துப் பேர் விவரம் வேண்டியிருந்தது. உதவியாளர் பூபதி சேலம் டவுன்காரர். அவர்தான் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார்.

நான் அப்போது வீட்டுக்குள் காளியண்ணனுக்குச் சிறுநீர்க் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"எம்.எல்.ஏ. ஊட்டுக்கே வந்துட்டா எந்திரிச்சு நிக்கோணுமே. என்னக்கா பண்றது?" என்றார்.

"நின்னுட்டா எனக்கு வேலை மிச்சம். ஆடாமப் படுங்க."

கொஞ்ச நேரத்தில் பெரியநாயகி பூபதியோடு உள்ளே வந்தாள். காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போடுமுன் நான் வாங்கிப் படித்தேன். 'இந்த ஆண்டு வேலை செய்த நாட்கள்: 100' என்று இருந்தது.

"இது யார் சொன்னது?"

"அவங்களேதாம்மா. எத்தனை நாள் போனீங்கன்னு கேட்டேன். நூறு நாளுக்குத்தான் போனேன்னாங்க."

"ஆமாங்க, நூறு நாளுக்குத்தான் போனேன்" என்றாள் பெரியநாயகி. "பின்ன மில்லுக்கா போனேன்?"

"அட்டையை எடு" என்றேன்.

அட்டையில் இருபத்தேழு நாள்.

பூபதி தன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நூறு என்று எழுதியிருந்தார்.

"இதைச் சபையில படிச்சா என்னாகும்? முழுசாத்தான் குடுத்திருக்கோம், அப்புறம் எதுக்குத் தீர்மானம்னு டெல்லிக்காரங்க கேப்பாங்க" என்றேன்.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மணி பதினொன்று. பெரியநாயகி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஓடு, நான் பொரட்டறேன்" என்றேன்.

அவள் ஓடவில்லை. "ஒரு நிமிசம் வண்டிய நிக்கச் சொல்லுங்க சாமி" என்று பூபதியை அனுப்பினாள். கணவரைப் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். எம்.எல்.ஏ. காத்திருந்தார். எல்லோரும் வீட்டுக்குப் போய் அட்டையைக் கொண்டுவரும் வரை இருந்து, தன் கையாலேயே திருத்தி எழுதினார்.

தீர்மானம் வந்த நாளில் ராசம்மாளின் போனில் பார்த்தோம். தமிழரசு எழுந்து, "பெரியநாயகி, இருபத்தேழு நாள்" என்றார். கட்சி பார்க்காமல் மேசையைத் தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

"உன்ற பேரு கோட்டையில கேக்குது புள்ள" என்றார் காளியண்ணன்.

"வேலை எப்பங்களாம்?" என்று கேட்டாள் அவள்.

தீர்மானம் டெல்லிக்குப் போனது. ஏரியில் மண்வெட்டி இறங்கவில்லை. தமிழரசுவிடம் கேட்டபோது, "எங்களால எதிர்க்க முடிஞ்சதை எதிர்த்துட்டோம்மா. பணம் அங்கிருந்துதான் வரணும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். உண்மையை வைத்து ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது.

மாசி மாதம் பெரியநாயகி மில் வண்டியில் ஏறினாள். பகலில் ராசம்மாள் வந்து புரட்டுவதாக ஏற்பாடு. மூன்றாவது வாரம் ராசம்மாளுக்குக் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் கூலி கிடைத்தது. அவளுக்கும் வயிறு இருக்கிறது.

அன்று மூன்று மணிக்கு நான் போனபோது காளியண்ணன் காலையில் படுத்தபடியே கிடந்தார். வால் எலும்பின் மேல் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு. அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை; புண் தொடங்கிவிட்டது.

"அவகிட்டச் சொல்லாதீங்கக்கா. மில்ல உட்டுருவா."

"சொல்லாம இருக்க நான் எதுக்கு?" என்று, அங்கிருந்தே மில்லுக்குப் போன் செய்தேன்.

"தோலு உரிஞ்சிருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் இல்லை."

மறுநாள் அவள் வண்டி ஏறவில்லை. ஊராட்சி அலுவலகம் திறந்ததும் அட்டையோடு போய் நின்றாள். வேலை கேட்கும் மனுவை எழுதிக் கொடுக்க நானும் போயிருந்தேன். கிளார்க், "எத்தனை நாளைக்கு வேலை வேணும்?" என்றார்.

"நூறு நாளுங்க" என்றாள். பிறகு, அவர் எழுதுவதற்குள், "இந்தத் தடவை எண்ணித்தானுங்க சொல்றேன்" என்றாள்.

வேலை எப்போது வரும் என்று கிளார்க்குக்குத் தெரியவில்லை. மனு வாங்கியதற்குத் தேதி போட்ட ரசீது தரும்வரை அவள் நகரவில்லை; அந்தத் தேதியிலிருந்துதான் நாள் எண்ணுவார்கள். பதினொன்றுக்கு வீட்டில் இருந்தாள்.