பிள்ளை உணத்தி

ராமுத்தாய் அன்றைக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்து விழுங்கியிருந்தால், மலைச்சாமிக்குப் ‘பிள்ளை உணத்தி’ என்ற பெயர் வந்திருக்காது. பெண்டாட்டியின் அக்காள் என்றும் பார்க்காமல் பத்து வருஷத்துக்கு மேல் அவளுக்கு முகம் கொடுக்காமல் இருந்தான் என்றால், அதற்கு இந்தப் பெயர்தான் காரணம். போடிமெட்டில் ஜீப்பை விட்டு இறங்கினால் டீக்கடைக்காரன் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பான்: “பிள்ளை உணத்திக்குப் பாலில்லாம ஒரு கட்டன் டீ போடு!” சம்பளத்துக்கு வரிசையில் நின்றால் பின்னால் நிற்கிறவன் கூப்பிடுவதும் அதே பெயர்தான். அவன் அப்பன் ஆத்தா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

மலைச்சாமிக்கு ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் வேலை. பறித்து வருகிற பச்சைக்காயைத் தட்டுத்தட்டாகப் பரப்பி, அறையைச் சாத்தி, வெளியிலிருக்கும் அடுப்பில் விறகு போட்டு எரிப்பார்கள். சூடு குழாய் வழியாக அறைக்குள் ஓடி, விடிவதற்குள் காய் சலசலவென்று காய்ந்திருக்கும். காயை உணத்துவது என்பார்கள் அதை. ராவெல்லாம் கண் விழித்து அடுப்பைப் பார்க்க வேண்டும். சூடு கூடினால் காய் வெடித்துப்போகும், குறைந்தால் பச்சை வெளுத்துப்போகும். அதில் மலைச்சாமியைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

ராமுத்தாய் போடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். கல்யாணமான மறுவருஷமே கிணறு வெட்டப் போன இடத்தில் புருஷன் செத்துப்போனான். அதற்கப்புறம் ஏலக்காய்க் குடோனில் உட்கார்ந்து காய் ஆய்ந்து தங்கச்சி அன்னக்கொடியை வளர்த்தாள், மலைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தாள். ஆள் நல்ல உயரம். தெருமுனையில் பேசினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள். “கேக்கட்டுமே, நான் என்ன கடனா கேக்கப் போறேன்?” என்பாள்.

எழுபத்தாறில் அன்னக்கொடிக்குத் தலைப்பிரசவம். தாய் வீடு என்று ஒன்று இல்லாததால் அக்காள் வீடுதான் தாய் வீடு. பெண் பிள்ளை பிறந்தது. பகலெல்லாம் குடோனில் குனிந்து காய் ஆய்கிற ராமுத்தாய், இருட்டினால் பிள்ளையோடு உட்கார்ந்துவிடுவாள். பிறந்த சில நாளிலேயே பிள்ளைக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. படுக்கப் போட்டால் கர்ர்ரென்று இழுக்கும். நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் தூங்கும். ஆகவே அக்காளும் தங்கச்சியும் மாற்றி மாற்றிச் சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தார்கள். சில நாள் பிள்ளை மாரை விடாது. குடித்து முடித்த மறு நிமிஷம் மறுபடியும் கத்தும்.

“எனக்குப் பால் ஊறலையாக்கா?” என்று அன்னக்கொடி அழுவாள்.

“ஊறாமயா இம்புட்டு ஒண்ணுக்குப் போகுது? பிள்ளை ஒரு சுத்து வளருதுடி. வளர்ற நேரத்துல இப்பிடித்தான் உசுர வாங்கும். ரெண்டு மூணு நாள்ல அடங்கும். அது கேக்கக் கேக்கக் குடு, தன்னால ஊறும்.”

மூன்றாம் மாசம் பிறந்தபிறகு சேலை, சீனி, பூவோடு வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போவதுதான் முறை. மலைச்சாமிக்கு அதுவரை பொறுக்கவில்லை. காய் சீசன். ராத்திரி ஸ்டோர், பகலில் தானே பொங்கித் தானே தின்ன வேண்டும். கூட வேலை பார்த்த பிச்சைமணி வேறு, “என்ன மாப்ளே, பொண்டாட்டியப் போடிக்கே எழுதிக் குடுத்துட்டியா?” என்று தினமும் குத்திக்கொண்டிருந்தான். மாசம் ஒன்று முடிந்து சில நாள்கூட ஆகவில்லை, வந்து நின்றுவிட்டான்.

“மழையும் பனியுமா இருக்கு தம்பி. பிள்ளைக்குச் சளி இன்னும் விடல,” என்றாள் ராமுத்தாய்.

“மலையில பிள்ளைக வளரலையா மதினி? ரெண்டு வேளைச் சோத்தப் போட்டுட்டு ஊரெல்லாம் சொல்லிக்காட்டவா என் பொண்டாட்டிய வச்சிருக்க?”

தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் பதிலுக்கு நாலு கேட்பாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளோ பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைத் துணிகளை மடித்து எடுத்து வந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் மலைச்சாமி நினைத்தான்.

மலையில் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டில் துணி காயவில்லை. பிள்ளைக்குச் சளி கூடியது. போதாக்குறைக்கு அதே சமயத்தில் பிள்ளை மறுபடியும் ஒரு சுற்று வளரத் தொடங்கியது. பசி கூடியது, மூக்கோ அடைப்பு. இரண்டு வாய் உறிஞ்சும், மூச்சு முட்டும், விட்டுவிட்டு வீறிடும். அன்னக்கொடி மூன்று ராத்திரி கண்ணே மூடவில்லை. பகலில் தூங்க வந்த மலைச்சாமியாலும் அந்த ஒற்றை அறையில் தூங்க முடியவில்லை.

“ஒங்கிட்டப் பால் இல்லடி. பிள்ளை பட்டினியில கத்துது. அது தெரியாம மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க.”

குனிந்திருந்த அன்னக்கொடியின் கண்ணீர் பிள்ளையின் உச்சந்தலையில் விழுந்தது. அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி மாரைக் கொடுத்தாள். அன்று ராத்திரி அடுப்புக்கு விறகு தள்ளும்போதெல்லாம் அந்த முந்தானைதான் மலைச்சாமியின் கண்முன் வந்து நின்றது. அவள் தன்னைக் கை நீட்டி அடித்திருந்தால்கூட இந்த அளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

விடிந்ததும் காயை இறக்கி மூட்டை கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். “கொண்டா பிள்ளைய. நான் வச்சுக்கிறேன். நீ செத்த நேரம் கண்ணசரு,” என்றான். அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு கொடுத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தாள்.

வெளியே குளிர் எலும்பைக் கடித்தது. பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது? அவனுக்குத் தெரிந்த கதகதப்பான இடம் ஒன்றுதான். காய் இறக்கிய அறையில் அடுப்பு அணைந்து, கோழி இறக்கைக்குள் இருப்பது போல இதமாக இருந்தது. காய்க் கூடையைத் துடைத்து, பழைய சேலையை நாலாக மடித்துப் போட்டு, பிள்ளையைப் படுக்க வைத்தான். கொஞ்ச நேரத்தில் மூக்கு இளகியது. இழுப்பு நின்றது. பிள்ளை தூங்கியது. எத்தனையோ நாளைக்கப்புறம் நிம்மதியான தூக்கம். மலைச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. சூடு வெளியே போகாமல் கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். ராவெல்லாம் விழித்த உடம்பு. கண் தானாகச் செருகியது.

ஸ்டோருக்குப் பின்பக்கம் இருக்கிற அடுப்புக்குப் பிச்சைமணி வந்தான். அடுத்த காய் வருவதற்குள் அறையைச் சூடேற்றி வைப்பது வழக்கம். உள்ளே பிள்ளை கிடக்கிறது என்று யார் நினைப்பார்கள்? விறகை அடுக்கித் தீயை மூட்டிவிட்டுப் பீடி குடிக்கப் போய்விட்டான்.

அன்றைக்கென்று ராமுத்தாய் குடோனுக்கு லீவு போட்டு, தங்கச்சிக்குப் பூண்டும் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு ஆள் ஏற்றுகிற ஜீப்பில் மலை ஏறியிருந்தாள். லயத்தில் தங்கச்சி கட்டை மாதிரி தூங்குகிறாள். பக்கத்தில் பிள்ளை இல்லை. எழுப்பிக் கேட்டாள், அவன்தான் வாங்கிப்போனான் என்றதும் இருவரும் ஸ்டோருக்கு ஓடினார்கள். மலைச்சாமி கதவில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே சத்தம் எதுவும் இல்லை. ராமுத்தாய் அவனைக் காலால் தள்ளிவிட்டுக் கதவை இழுத்தாள். அனல் முகத்தில் அடித்தது.

பிள்ளை செக்கச்செவேல் என்று கிடந்தது. உதடு வெடித்திருந்தது. வாயைத் திறந்து திறந்து அழுதது, அழுகைக்குச் சத்தம் வரவில்லை. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

காய் மூட்டையோடு வந்த பெண்கள் சுற்றிலும் நின்றார்கள். அவர்கள் முன்னால்தான் ராமுத்தாய் அந்தச் சொல்லைச் சொன்னாள். “ஏலக்காய உணத்துற மாதிரி பிள்ளைய உணத்திருக்கானே, பாவி! பிள்ளை உணத்தி!”

அவள் வந்த ஜீப்பு இன்னும் போடிக்குத் திரும்பவில்லை, நின்றுகொண்டிருந்தது. தாயையும் பிள்ளையையும் ஏற்றினாள். மலைச்சாமி பின்பக்கத்துக் கம்பியைப் பிடித்தான். “நீ ஏறாத,” என்றாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

பிள்ளை பிழைத்தது. போடியில் டாக்டர் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார். அப்புறம் பாலைச் சங்கில் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, மூக்கு அடைத்தால் நிமிர்த்திப் பிடித்து, ராமுத்தாய் அதைத் தேற்றினாள். தை பிறந்து வெயில் வந்தபிறகுதான் அன்னக்கொடி மலைக்குத் திரும்பினாள். ஜக்கம்மாள் என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளை பின்னாளில் பெரியம்மா வீட்டில் தங்கியே பள்ளிக்கூடம் படித்தது. பெரியம்மாவுக்குச் சரியாக அதற்கும் வாய் இருந்தது.

ஆனால் மலைச்சாமி அதற்கப்புறம் எந்தக் கைப்பிள்ளையையும் தொடவில்லை. நாலு வருஷம் கழித்து மகன் திருப்பதி பிறந்தான். அன்னக்கொடி நீட்டும்போதெல்லாம் மலைச்சாமிக்கு உடைக்க விறகு இருக்கும், கட்ட மூட்டை இருக்கும். பையன் நடந்து வந்து காலைக் கட்டிக்கொண்டபிறகுதான் தூக்கினான். யாராவது ஏன் என்று கேட்டால், “அந்தப் பொம்பள எனக்கு வச்ச பேரு அப்பிடி,” என்று ராமுத்தாய் மேல் பழியைப் போடுவான். அப்படிச் சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பியும் விட்டான். ஆனாலும் ஸ்டோர் கதவை இழுத்துத் திறக்கும்போது, அனல் முகத்தில் அடிக்கிற அந்த ஒரு நொடி, கண்ணை இறுக மூடிக்கொள்வான்.

எண்பத்தேழில் ராமுத்தாய் படுத்துவிட்டாள். காய்த்தூசி நெஞ்சில் இறங்கி வருஷக்கணக்கான இருமல். எழுந்து உட்காரவும் ஆள் வேண்டியிருந்தது. அன்னக்கொடி போய்க் கூட இருந்தாள். லோடு ஜீப்பில் போடிக்கு இறங்கின மலைச்சாமி, அரிசியைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடலாம் என்றுதான் வந்தான். அன்னக்கொடி மருந்து வாங்கப் போயிருந்தாள், ஜக்கம்மாள் பள்ளிக்கூடத்தில். உள்ளேயிருந்து குரல் வந்தது. பழைய குரலில் கால்வாசிகூட இல்லை.

“யாரு, தம்பியா? உள்ள வா. நான் ஒண்ணும் கடிக்கமாட்டேன், பல்லு இல்ல.”

அவன் சுவரோரமாகக் குந்தினான். பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிள்ளை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

“ஒனக்கு எம்மேல வருத்தம் இருக்கும்,” என்றாள்.

“ஊரே கூப்புடுது மதினி. இருக்காதா?”

“இருக்கட்டும். ஒண்ணு சொல்றேன் கேளு. நீ கூட்டிட்டுப் போக வந்தியே, அன்னைக்கு நான் வாசல்ல குறுக்கப் படுத்தாவது தடுத்திருக்கலாம்ல? நீ என்ன, என்னைய மிதிச்சுட்டா போயிருப்ப?”

மலைச்சாமி நிமிர்ந்து பார்த்தான்.

“மாசம் பூராத் தூக்கமில்ல. குடோன்ல காய ஆயிறப்பவே தலை தொங்கும், மேஸ்திரி வைவான். நீ சத்தம் போட்டியா, போகட்டும், இன்னைக்கு ராத்திரி தூங்கலாம்னு தோணுச்சு. அதான் துணிய மடிச்சுக் குடுத்தேன். ஜீப்பு தெருமுக்குத் திரும்புறதுக்குள்ள படுத்துட்டேன் அப்பு. மறுநாள் பொழுது விடிஞ்சுதான் எந்திரிச்சேன்.” இருமல் வந்து, அடங்க நேரமானது. “ஸ்டோர்ல பிள்ளையப் பாத்ததும் என்னையத்தான் வையத் தோணுச்சு. என்னைய நானே எப்பிடி வையிறது? நீ முன்னால நின்ன.”

மலைச்சாமி இத்தனை வருஷமும் பத்திரமாக வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தான். அது இருந்த இடத்தில், சத்தமில்லாமல் அழுத ஒரு சின்ன வாய்தான் இருந்தது.

“கதவச் சாத்தினது நான்தான மதினி,” என்றான். “தூங்கினதும் நான்தான்.”

“ஆமா,” என்றாள் அவள். இல்லை என்று சொல்லி அவனைத் தேற்றவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அழுகை ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஒரு பெண் அழுவதும் கேட்டது.

“பொன்னுமணின்னு ஒரு சின்னப்பொண்ணு. புருஷன் லாரியில போயிட்டான். ஒத்தாசைக்கு ஆளில்ல. பிள்ளைக்குச் சளி, மூணு நாளா அவ தூங்கல. என்னால எந்திரிக்க முடிஞ்சா நானே போயிருவேன்.” தலையணையிலிருந்து தலையைத் திருப்பி அவன் கைகளைப் பார்த்தாள். “நீ போ தம்பி.”

“நானா?”

“வேற யாரு இருக்கா இங்ஙன?”

“மதினி, நான்... அந்தப் பொண்ணு பிள்ளையக் குடுக்காது. என் பேரு தெரிஞ்சா...”

“நான் சொன்னேன்னு சொல்லு. வெரசாப் போ. பிள்ளைய வாங்கி நெஞ்சுல நிமிர்த்திச் சாச்சு வச்சுக்க, தலைய ஒரு கையால தாங்கிக்க. காத்தோட்டமா வாசல்லயே ஒக்காரு. பிள்ளை பால் கேட்டா மட்டும் அவள எழுப்பு. மத்தபடி அந்தப் பொண்ணு தூங்கட்டும்.”

மலைச்சாமி கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்கு நடந்தான்.